ஒரு மரக்கால் நெல்லுக்கு ஆள் இல்லாத ஊர்: ‘கடைசி விவசாயி’ காட்டியதும், திண்டுக்கல் சமவெளியில் மறைவதும்

குலதெய்வத்துக்குப் படைக்க ஒரு மரக்கால் நெல் வேண்டும். கடையில் வாங்கின நெல் ஆகாது. ஊர் மண்ணில் விளைந்த புது நெல்லாக இருக்கணும். ஆனால், ஊரில் நெல் போட ஆளே இல்லை; எண்பதைத் தாண்டிய ஒரே ஒரு பெரியவரைத் தவிர.

2022 பிப்ரவரி 11-ல் திரைக்கு வந்த ‘கடைசி விவசாயி’ படத்தின் முடிச்சு இதுதான். ‘காக்கா முட்டை’, ‘குற்றமே தண்டனை’, ‘ஆண்டவன் கட்டளை’ படங்களுக்குப் பிறகு மணிகண்டன் எழுதி, இயக்கி, ஒளிப்பதிவும் செய்து, தானே தயாரித்த படம். பிறகு 69-வது தேசிய திரைப்பட விருதுகளில் சிறந்த தமிழ்ப் படமாகத் தேர்வானது.

கதை நடப்பது மதுரை மாவட்டம் உசிலம்பட்டி வட்டாரத்தில். ஆனால் நிலக்கோட்டையிலோ ஆத்தூரிலோ வேடசந்தூரிலோ இருந்து பார்ப்பவர்களுக்கு இது வெளியூர்க் கதையாகத் தெரியாது. படத்தில் வரும் ஒவ்வொரு சிக்கலுக்கும் திண்டுக்கல் சமவெளியில் ஓர் எதிரொலி இருக்கிறது. அதே சமயம், படத்தின் தலைப்பை அப்படியே இந்த ஊருக்குப் பொருத்தினால் ஒரு தவறும் நடந்துவிடும். அது என்ன? ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

படத்தில் என்னதான் நடக்கிறது?

ஊர்க் கோயில் பக்கத்து மரத்தில் இடி விழுகிறது. பெரியவர்கள் அதைச் சாமியின் எச்சரிக்கையாக எடுத்துக்கொண்டு, பல வருடமாக நின்றுபோயிருந்த திருவிழாவை நடத்த முடிவு செய்கிறார்கள். அதற்குத்தான் அந்த ஒரு மரக்கால் நெல். சுற்றியுள்ளவர்கள் நிலத்தை விற்றுவிட்டார்கள். விற்காமல் மிச்சம் இருப்பவர் மாயாண்டி மட்டும். அவர் நாற்றுவிட்டு, நட்டு, தண்ணீர் பாய்ச்சத் தொடங்குகிறார்.

ஒரு நாள் வயலில் மயில்கள் செத்துக் கிடக்கின்றன. பாவமாக இருக்கிறதே என்று மாயாண்டி அவற்றைப் புதைக்கிறார். அவரே கொன்று புதைத்துவிட்டதாக வழக்கு பதிவாகிறது. மயில் தேசியப் பறவை; வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருப்பது. பெரியவர் நீதிமன்றக் காவலில் சிறைக்குப் போகிறார். இங்கே பயிர் வாடத் தொடங்குகிறது.

வில்லன் என்று சொல்ல இதில் பெரிதாக யாரும் இல்லை. பெண் நீதிபதிக்கு அவர் நிரபராதி என்று சீக்கிரமே புரிந்துவிடுகிறது. ஒரு போலீஸ்காரரை அனுப்பி வயலுக்குத் தண்ணீர் பாய்ச்சவும் சொல்கிறார். ஆனாலும் பதிவான வழக்கு அதன் நடைமுறைப்படி போய்த்தான் முடிய வேண்டும்.

படத்தின் உண்மையான மோதல் இங்கேதான் இருக்கிறது. சட்டப்படி ஒருவரை ஒரு தடவைக்கு 15 நாள் வரை நீதிமன்றக் காவலில் வைக்கலாம். அலுவலகக் காலண்டரில் 15 நாள் என்பது ஒரு வாய்தா. நெல்லுக்கோ குறுகிய கால ரகம் என்றால் மொத்த ஆயுளே ஏறக்குறைய நான்கு மாதம்தான். அதில் 15 நாள் தண்ணீர் இல்லாமல் போனால் அடுத்த வாய்தாவில் சரிசெய்ய முடியாது. பயிருக்கு வாய்தா கிடையாது.

யார் இந்த நல்லாண்டி?

மாயாண்டியாக நடித்த நல்லாண்டி தொழில்முறை நடிகர் இல்லை. உசிலம்பட்டிப் பக்கத்தைச் சேர்ந்த விவசாயி. படம் திரைக்கு வரும் முன்பே இறந்துவிட்டார். தேசிய விருதுகளில் அவர் பெயருக்குச் சிறப்புக் குறிப்பு கிடைத்தபோது வாங்கிக்கொள்ள அவர் இல்லை.

மண்வெட்டியைப் பிடிக்கிற விதம், வரப்பில் கால் வைக்கிற விதம், கேள்வி கேட்டால் ஒரு நிமிடம் யோசித்துப் பதில் சொல்கிற விதம் எல்லாம் நடிப்பாகத் தெரியாததற்குக் காரணம் அவை நடிப்பே இல்லை என்பதுதான். முருகன் மீது பித்தாகி ஊர் ஊராக அலையும் ராமையாவாக விஜய் சேதுபதியும், நிலத்தை விற்று யானை வாங்கியவராக யோகிபாபுவும் வருகிறார்கள். ஆனாலும் பார்த்து முடித்த பிறகு மனதில் நிற்பது அந்தப் பெரியவரின் முகம்தான்.

உசிலம்பட்டிக்கும் திண்டுக்கல்லுக்கும் என்ன சம்பந்தம்?

1985 செப்டம்பர் 15 வரை இரண்டும் ஒரே மாவட்டம். மதுரை மாவட்டத்திலிருந்து பிரித்துத்தான் திண்டுக்கல் உருவானது. உசிலம்பட்டியிலிருந்து வத்தலக்குண்டு சாலையில் வந்தால் எல்லை எங்கே மாறியது என்று பலகையைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள முடியும். மண், மழை, சாமி, சாப்பாடு எல்லாம் ஒட்டியே போகும்.

தண்ணீர்க் கதையும் ஒன்றுதான். பெரியாறு பிரதானக் கால்வாய் பிரிகிற பேரணை இருப்பது நிலக்கோட்டை வட்டத்தில். ஆனால் அந்தத் தண்ணீரின் பெரும் பகுதி மதுரைப் பக்கம் போகிறது. திண்டுக்கல் மாவட்டத்தின் பெரும்பாலான சமவெளிக்கு ஆற்றுப் பாசனம் என்று ஒன்று கிடையாது. உசிலம்பட்டி, நிலக்கோட்டை வட்டக் கிராமங்களின் கண்மாய்களுக்கு வைகைத் தண்ணீரைக் கொண்டுபோகும் 58 கிராமக் கால்வாய்க்காக இரண்டு பக்க மக்களும் பல வருடம் போராடினார்கள். இன்றும் வைகை அணை கிட்டத்தட்ட நிரம்பினால்தான் அதில் தண்ணீர் வரும்.

அதனால் மாயாண்டியின் வயலை நிலக்கோட்டைக்கு வடக்கே கொஞ்சம் நகர்த்தி வைத்தாலும் கதை மாறாது.

அப்படின்னா திண்டுக்கல்லில் விவசாயமே அழிகிறதா?

இல்லை. தலைப்பை அப்படியே பொருத்தினால் தவறாகிவிடும் என்று சொன்னது இதைத்தான்.

ஒட்டன்சத்திரம் காய்கறிச் சந்தைக்கு ஒரு மாலையில் போய் நின்று பார்த்தால், விவசாயம் அழிகிறது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். தமிழ்நாட்டின் மிகப் பெரிய காய்கறிச் சந்தைகளில் ஒன்று அது. முருங்கை, வெண்டை, கத்தரி, மிளகாய் என்று லாரி லாரியாகக் கேரளத்துக்குப் போகிறது. நிலக்கோட்டையிலும் திண்டுக்கல் நகரிலும் பூச்சந்தைகள் விடியும் முன்பே சூடாகிவிடும். அய்யலூர், வடமதுரைப் பக்கம் தக்காளி. வேடசந்தூர்ப் பக்கம் புகையிலை, முருங்கை. ஒட்டன்சத்திரம் பக்கம் கண்வலிக்கிழங்கு. நத்தத்தில் மா, புளி. இவ்வளவும் இந்த மாவட்டம்தான்.

அப்போது மறைவது எது? வீட்டுக்கு விளைவிக்கிற விவசாயம்.

ஒரு தலைமுறைக்கு முன்னால் சமவெளியில் ஒரு சம்சாரி வீடு என்றால் தோட்டத்தில் கொஞ்சம் நெல், மானாவாரிக் காட்டில் சோளம், கம்பு, சாமை, ஊடுபயிராக மொச்சை, துவரை இருக்கும். தொழுவத்தில் ஒரு ஜோடி மாடு, வீட்டுக்குப் பின்னால் வைக்கோல் படப்பு, உள்ளே தானியம் கொட்டி வைக்கக் குலுக்கை. அடுத்த வருடத்துக்கான விதை சாம்பல் கலந்து பானையில் இருக்கும். அறுப்புக்கு வந்தவர்களுக்குக் கூலி தானியமாகவே போகும். சந்தைக்குப் போவது இதெல்லாம் போக மிச்சம்.

இன்று அதே தோட்டத்தில் மல்லிகை இருக்கலாம், முருங்கை இருக்கலாம். ஆனால் சோற்றுக்கு அரிசி ரேஷன் கடையிலிருந்தோ மளிகைக் கடையிலிருந்தோ வருகிறது. விதை கடையிலிருந்து, உரம் கடையிலிருந்து, உழவு வாடகை டிராக்டரில். விளைந்தது மொத்தமும் சந்தைக்கு. இது தப்பு என்று சொல்ல முடியாது. பல குடும்பங்களைப் பூவும் முருங்கையும்தான் படிக்க வைத்தது. 2011 ஜூன் முதல் தமிழ்நாட்டில் ரேஷனில் இலவச அரிசி வந்ததால் பட்டினி பயமும் போனது. பழைய வாழ்க்கை எல்லாருக்கும் இனித்தது என்று சொல்லவும் முடியாது. நிலம் இல்லாத கூலிக் குடும்பங்களுக்கு அந்தக் குலுக்கையில் பங்கு இருந்ததில்லை.

ஆனால் ஒன்று உண்டு. தக்காளி 2023 ஜூலையில் கிலோ 100 ரூபாயைத் தாண்டியது. வேறு மாதங்களில் பறிப்புக் கூலிக்குக்கூடக் கட்டாமல் ரோட்டில் கொட்டப்படுகிறது. வீட்டுக்கு விளைவித்தவருக்கு விலை விழுந்தால் மனசு மட்டும் வலிக்கும், சோறு இருக்கும். முழுக்கச் சந்தைக்கு விளைவிப்பவருக்கு விலை விழுந்தால் கடன் நிற்கும். மாயாண்டியின் வாழ்க்கையில் இருந்து காணாமல் போனது அந்தப் பாதுகாப்புதான்.

கணக்கு என்ன சொல்கிறது?

2001 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டில் தங்களைப் பயிரிடுவோர் என்று பதிவு செய்தவர்கள் சுமார் 51.2 லட்சம் பேர். 2011-ல் அது சுமார் 42.5 லட்சம். பத்தே வருடத்தில் எட்டரை லட்சத்துக்கும் மேல் குறைவு. அதே காலத்தில் விவசாயக் கூலிகளின் எண்ணிக்கை சுமார் 86 லட்சத்திலிருந்து 96 லட்சமாகக் கூடியது. 2021-ல் நடக்க வேண்டிய கணக்கெடுப்பு தள்ளிப்போனதால் அடுத்த ஒப்பீட்டுக்குக் காத்திருக்க வேண்டியிருக்கிறது.

நிலத்தின் அளவும் சுருங்குகிறது. 2015-16 வேளாண் கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டில் ஒரு பண்ணையின் சராசரி அளவு 0.75 ஹெக்டேர். அதாவது இரண்டு ஏக்கர்கூட முழுசாக இல்லை. தாத்தாவுக்குப் பத்து ஏக்கர், அப்பாவுக்கு மூன்று, பிள்ளைக்கு ஒன்று என்று பாகப்பிரிவினையில் கரைந்த கணக்கு இது.

வருமானம்? 2018-19-ல் நாடு முழுக்க நடந்த தேசிய மாதிரி ஆய்வில் ஒரு விவசாயக் குடும்பத்தின் சராசரி மாத வருமானம் 10,218 ரூபாய். அதில் பயிரிலிருந்து வந்தது 3,798 ரூபாய். கூலி, சம்பளமாக வந்தது 4,063 ரூபாய். விவசாயக் குடும்பம் என்று பெயர் இருந்தாலும் வீட்டை ஓட்டுவது பயிரைவிட வெளிவேலைதான். உழுதவன் கணக்குப் பார்த்தால் உழக்குகூட மிஞ்சாது என்று ஊரில் சொல்வதை அரசாங்கக் கணக்கே ஒத்துக்கொள்கிறது.

திண்டுக்கல்லில் அந்த வெளிவேலை என்றால் பெரும்பாலும் மில். வேடசந்தூர், வடமதுரை, திண்டுக்கல்லைச் சுற்றி நூற்பாலைகள் நிறைய. காலையில் ஊருக்குள் வரும் மில் பஸ் களை எடுக்கிற கைகளையும் சேர்த்தே ஏற்றிக்கொண்டு போகிறது. ‘ஆள் கிடைக்கலை’ என்று தோட்டக்காரர் சொல்வதற்கும், ‘மாசச் சம்பளம் நிச்சயம்’ என்று அந்தக் குடும்பம் சொல்வதற்கும் பின்னால் இருப்பது ஒரே பஸ்.

தண்ணீர் எங்கே போனது?

சமவெளிக்குக் குடகனாறுதான் முக்கிய ஆறு. கீழ்ப்பழனி மலையிலும் சிறுமலையிலும் தொடங்கும் ஓடைகள் சேர்ந்து, ஆத்தூர், திண்டுக்கல், வேடசந்தூர் வழியாக வடக்கே ஓடிக் கரூர்ப் பக்கம் அமராவதியில் கலக்கிறது. வருடத்தில் பெரும்பாலான நாள் மணல்தான். ஆத்தூர் காமராஜர் நீர்த்தேக்கத்தில் தேங்கும் தண்ணீர் திண்டுக்கல் நகரத்தின் குடிநீருக்கும் போகிறது. நகரத்தின் குடத்துக்கும் கீழே இருக்கிற வயலுக்கும் ஒரே தண்ணீர் பங்காக வேண்டும்.

ஆற்றில் இல்லாததைக் கிணற்றில் தேடினார்கள். கமலையில் மாடு கட்டி இறைத்த காலத்தில் ஒரு நாளைக்கு இறைக்கக்கூடிய தண்ணீருக்கு மாட்டின் தெம்பே வரம்பு. மோட்டார் வந்தது, இலவச மின்சாரம் வந்தது, வரம்பு போனது. திறந்த கிணறு வற்றியதும் உள்ளேயே பக்கவாட்டில் துளை. அதுவும் வற்றியதும் போர்வெல். முந்நூறு அடியில் தொடங்கியது சில இடங்களில் ஆயிரம் அடியைத் தொட்டது. ஆழம் கூடக் கூடச் செலவும் கூடும். தண்ணீர் வராத ஒவ்வொரு துளையும் திருப்பிக் கட்ட வேண்டிய ஒரு கடன்.

2016 வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிட 62 சதவீதம் குறைந்தது. 2017 ஜனவரி 10-ல் மாநிலத்தின் எல்லா மாவட்டங்களும் வறட்சி பாதித்தவையாக அறிவிக்கப்பட்டன. கிணற்றை நம்பிய சமவெளிக்கு அப்படி ஒரு வருடம் போதும், பத்து வருட முடிவை மாற்றிவிடும். ஒரு போகம் தவறினால் கடன். இரண்டு போகம் தவறினால் ‘நிலத்தை வெச்சு என்ன பண்றது?’ என்ற பேச்சு வீட்டுக்குள் வந்துவிடும்.

திண்டுக்கல்லுக்கு என்றே இன்னொரு பிரச்னையும் உண்டு. தோல் பதனிடும் ஆலைகள். 1996 ஆகஸ்ட் 28-ல் வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பு, மாசுபடுத்துபவரே ஈடு செய்ய வேண்டும் என்ற கொள்கையை இந்தியச் சட்டத்தில் உறுதியாக நிறுத்தியது. தோல் ஆலைகளுக்கு அபராதம் விதித்த அந்தத் தீர்ப்பில் பெயர் சொல்லப்பட்ட மாவட்டங்களில் அன்றைய திண்டுக்கல் அண்ணா மாவட்டமும் ஒன்று. கிணற்றில் தண்ணீர் இருந்தும் பாய்ச்ச முடியாத நிலை என்பது படத்தில் வராத கதை. திண்டுக்கல்லைச் சுற்றி அது நடந்த கதை.

விதையில்லாத தக்காளி: படம் சொல்வது சரியா?

படத்தில் அதிகம் பேசப்பட்ட காட்சி இது. விதைக் கடைக்குப் போகும் மாயாண்டி, தக்காளிக்குள் விதையே இல்லாமல் செய்தது யார் என்று விசாரிக்கிறார். கடைக்காரரிடம் பதில் இல்லை.

அறிவியல்படி கொஞ்சம் விளக்க வேண்டும். சந்தையில் கிடைக்கும் பெரும்பாலான கலப்பினத் தக்காளிக்குள் விதை இருக்கிறது. ஆனால் அந்த விதையை எடுத்துப் போட்டால் தாய்ச் செடி மாதிரியே அடுத்த செடி வராது. ஒன்று உயரமாக, ஒன்று குட்டையாக, காய் சின்னதும் பெரியதுமாக, கலந்து வரும். அதை நம்பி ஒரு ஏக்கர் போட முடியாது. ஆகவே, ஒவ்வொரு போகத்துக்கும் கடைக்குப் போயே ஆக வேண்டும். விதை இருந்தும் அது விதையாக உதவாது என்பதைத்தான் படம் விதையே இல்லாத தக்காளியாகச் சுருக்கிக் காட்டுகிறது.

சட்டம் விவசாயியின் பக்கம்தான் இருக்கிறது. 2001-ம் வருடத்துப் பயிர் ரகங்கள் மற்றும் விவசாயிகள் உரிமைப் பாதுகாப்புச் சட்டம், தன் விளைச்சலிலிருந்து விதையைச் சேமிக்க, மறுபடி விதைக்க, மாற்றிக்கொள்ள, விற்கவும் விவசாயிக்கு உரிமை தருகிறது. பாதுகாக்கப்பட்ட ரகத்தை அதன் வணிக முத்திரையோடு மட்டும் விற்கக் கூடாது. உரிமை இருக்கிறது. எடுத்துவைக்க ஏற்ற விதைதான் பல வீடுகளில் இல்லை.

மீட்பதும் நடக்கிறது. 174 பாரம்பரிய நெல் ரகங்களை மீட்டவராக அறியப்படும் ‘நெல்’ ஜெயராமன் 2018 டிசம்பரில் மறைந்தார். அவர் பெயரில் பாரம்பரிய நெல் பாதுகாப்புத் திட்டம் ஒன்றைத் தமிழக அரசே நடத்துகிறது. அவர் செய்தது டெல்டா மண்ணில். திண்டுக்கல் மாதிரி மானாவாரிச் சமவெளியில் அதே வேலை நெல்லைவிடச் சாமைக்கும் மொச்சைக்கும் நாட்டுக் கத்தரிக்கும்தான் அதிகம் தேவைப்படுகிறது.

நிலத்தை ஏன் விற்கிறார்கள்?

படத்தில் மாயாண்டியைச் சுற்றி எல்லா நிலமும் கைமாறிவிட்டது. திண்டுக்கல் நகரம் மதுரை, திருச்சி, கரூர், பழனி, நத்தம் சாலைகள் சேரும் இடம். நான்குவழிச் சாலையை ஒட்டி வண்ணக் கொடிகளும் எல்லைக் கற்களுமாக மனைப்பிரிவுகள் வந்ததைப் பார்க்காதவர் கிடையாது.

2016 செப்டம்பர் 9-ல் சென்னை உயர் நீதிமன்றம், அனுமதியில்லாத மனைப்பிரிவுகளைப் பத்திரப்பதிவு செய்யத் தடை போட்டது. அடுத்த வருடம் வரன்முறைத் திட்டம் வந்தது. 2016 அக்டோபர் 20-க்கு முன் உருவான மனைகளுக்குக் கட்டணம் கட்டி அனுமதி வாங்கலாம் என்றானது. இந்த நடவடிக்கைகள் அனுமதியில்லாத மனையைக் கட்டுப்படுத்தின. விற்க வேண்டிய நிலைமையைத் தொடவில்லை. மகள் கல்யாணம், மகன் படிப்பு, ஆஸ்பத்திரிச் செலவு, போர்வெல் கடன் என்று வரிசையாக நிற்கும்போது, வருடம் முழுக்க உழைத்து வருவதை ஒரு கையெழுத்தில் வரும் பணத்தோடு யாரும் ஒப்பிட்டுத்தான் பார்ப்பார்கள்.

விற்றவர்களைப் படம் திட்டவில்லை. யானை வாங்கியவரை வைத்துச் சிரிக்க வைக்கிறது, அவ்வளவுதான். நிலத்தை விற்றவனைத் துரோகியாகக் காட்டும் பழைய சினிமா வசனத்திலிருந்து இது பெரிய விலகல்.

குடும்பத்துக்குள் என்ன நடக்கிறது?

தமிழ் சினிமாவில் விவசாயக் குடும்பம் என்றால் பெரும்பாலும் பெருமைதான். 2018 ஜூலையில் வந்த பாண்டிராஜின் ‘கடைக்குட்டி சிங்கம்’ அதற்கு நல்ல உதாரணம். கார்த்தியின் குணசிங்கம் தன்னை விவசாயி என்று நெஞ்சு நிமிர்த்திச் சொல்கிறார். அக்காள்கள், மாமன்கள் என்று வீடு நிறைய ஆள். அதே வருடம் ஆகஸ்டில் வந்த லெனின் பாரதியின் ‘மேற்குத் தொடர்ச்சி மலை’ மறுபக்கத்தைக் காட்டியது. ஒரு துண்டு நிலம் வாங்க வாழ்நாள் முழுக்கச் சுமை தூக்கும் ரங்கசாமி, கடைசியில் கைவிட்டுப்போன நிலத்திலேயே காற்றாலைக்குக் காவலாளியாக நிற்கிறார்.

‘கடைசி விவசாயி’ இந்த இரண்டுக்கும் நடுவில் வேறொரு கேள்வியை வைக்கிறது. மாயாண்டிக்கு நிலம் இருக்கிறது, அறிவு இருக்கிறது, உழைப்பும் இருக்கிறது. வாங்கிக்கொள்ளத்தான் ஆள் இல்லை.

திண்டுக்கல் சமவெளியில் பல வீடுகளின் நிலைமை இதுதான். தோட்டத்தில் நிற்பது அறுபது, எழுபது வயதுக்காரர்கள். ‘என்னோட போகட்டும், நீ படி’ என்று பிள்ளையை அனுப்பி வைத்ததும் அவர்களேதான். அது பிழையும் இல்லை. படிப்பு சம்பளத்தைத் தந்தது. கூடவே, எந்த மடையில் எவ்வளவு நேரம், எந்தக் காற்றுக்குப் பிறகு விதைப்பு, எந்த விதை எந்தக் காட்டுக்கு என்கிற கணக்கு கைமாறாமல் நின்றது. அது பாடப்புத்தகத்தில் வராது. கூடவே நடந்து பார்த்துத்தான் வரும்.

இன்னொரு ஆளையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நாற்று நடுவது, களை எடுப்பது, பூப்பறிப்பது, மாடு பார்ப்பது, விதை எடுத்து வைப்பது எல்லாம் பெரும்பாலும் பெண்கள் வேலை. தமிழ்நாடு 1989-லேயே சட்டம் திருத்திப் பூர்வீகச் சொத்தில் மகள்களுக்கும் பங்கு தந்தது. ஆனால் 2015-16 வேளாண் கணக்கெடுப்பில் நாடு முழுக்கப் பெண்கள் பொறுப்பில் இருந்த பண்ணைகள் சுமார் 14 சதவீதம்தான். பட்டாவில் பெயர் இல்லாவிட்டால் பயிர்க் கடனுக்கும் இழப்பீட்டுக்கும் விண்ணப்பிப்பது சிக்கல். வேலை செய்பவர் விவசாயியாகவே எண்ணப்படாத வீட்டில், ‘கடைசி விவசாயி’ யார் என்று எண்ணுவதே தப்பாகிவிடும்.

நிஜத்தில் வயலில் மயில் செத்துக் கிடந்தால் என்ன செய்வது?

படம் பார்த்தவர்கள் நிறையப் பேர் கேட்ட கேள்வி இது. பழனி முருகனின் மாவட்டத்தில் மயிலுக்குப் பஞ்சமில்லை. தரிசாகக் கிடக்கும் நிலத்தில் சீமைக்கருவேலம் அடர்ந்தது, நரி போன்ற விலங்குகள் குறைந்தது ஆகியவை மயில் பெருகக் காரணங்களாகச் சொல்லப்படுகின்றன. நிலக்கடலை, தக்காளி, நாற்றங்கால் எல்லாவற்றிலும் கொத்தல் உண்டு.

செத்த மயிலைப் பார்த்தால் தொடாமல், புதைக்காமல், உடனே வனத்துறைக்கும் கிராம நிர்வாக அலுவலருக்கும் சொல்ல வேண்டும். கால்நடை மருத்துவர் பரிசோதித்த பிறகு வனத்துறையே அடக்கம் செய்யும். மயிலைக் கொன்றதாக நிரூபணமானால் குறைந்தது மூன்று ஆண்டு, அதிகபட்சம் ஏழு ஆண்டு வரை சிறை. பூச்சிக்கொல்லி கலந்த தானியத்தை வயலில் வைப்பதும் இதில்தான் வரும். மாயாண்டி செய்தது மனிதாபிமானம். சட்டத்தின் கண்ணுக்கு அது தடயத்தை மறைத்ததாகத் தெரியும்.

படம் எதை விட்டுச் செல்கிறது?

‘விவசாயத்தைக் காப்போம்’ என்று படம் எங்கேயும் கோஷம் போடவில்லை. சந்தோஷ் நாராயணன், ரிச்சர்ட் ஹார்வி இசையும் பார்ப்பவரை அழ வைக்கத் துடிக்கவில்லை. அது காட்டுவது ஒன்றைத்தான்: ஊர் விவசாயத்தை விட்டாலும், ஊருக்கு விளைச்சல் தேவைப்படுவது நிற்பதில்லை. சாமிக்கு நெல் வேண்டும், பொங்கலுக்குப் புத்தரிசி வேண்டும். தைப்பூசத்துக்கு நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனிக்கு நடக்கிறவர்களுக்கு வழியெல்லாம் சோறு வேண்டும். அதை விளைவிக்கத் தெரிந்த ஆள் யார் என்று தேடும்போதுதான் கையில் மிஞ்சியிருப்பது எவ்வளவு என்று தெரிகிறது.

திண்டுக்கல் சமவெளியில் அந்தத் தேடல் இன்னும் முடிவுக்கு வரவில்லை. மாயாண்டிகள் இங்கே ஒருவர் இல்லை, ஊருக்குப் பல பேர் இருக்கிறார்கள். பூத்தோட்ட ஓரத்தில் பத்து செண்டு மொச்சை போடுகிற பாட்டி, கடையில் வாங்காமல் சோளத்தை முறித்து விதைக்கு எடுத்துவைக்கிற தாத்தா, மடை எது, பங்கு எது என்று மனப்பாடமாக வைத்திருக்கும் நீர்பாய்ச்சி என்று இன்னும் இருக்கிறார்கள். அவர்கள் பிள்ளைகள் எல்லாம் வேலையை விட்டுவிட்டு ஏர் பிடிக்க வர வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க முடியாது. ஆனால் பட்டாவில் பெயர் சரியாக இருக்கிறதா, வீட்டுப் பெண்களுக்குப் பங்கு பதிவானதா, பானையில் இருக்கும் விதை எந்த ஊர் விதை, அதை எந்த மாதம் போடணும் என்று லீவுக்கு வரும்போது உட்கார்ந்து கேட்டுக்கொள்ளலாம். அதற்கு நிலம் வாங்க வேண்டாம்; ஒரு மதியம் போதும்.